சிரிப்புக்குக் கிடைத்த தண்டனை

ஹிட்லரைக் கேலி செய்தவர், தடை வந்ததும் பெயரை மாற்றிக்கொண்டு ஜெர்மனியைச் சிரிக்க வைத்தார். கடைசியில் நகைச்சுவையே அவருக்கு எமனாயிற்று.

வழுக்கைத் தலை, புதர் மீசை, தொப்பை. இது அப்பா. பரட்டைத் தலையும் ஓயாத குறும்புமாக மகன். 1934 டிசம்பரில் 'பெர்லினர் இல்லுஸ்ட்ரீர்ட்டே' வார இதழில் அறிமுகமான 'அப்பாவும் மகனும்' சித்திரத் தொடரில் வசனமே கிடையாது. தேவையும் இருக்கவில்லை. வாசகர்கள் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

ஓவியர் பெயர் 'இ.ஓ. பிளாவன்' என்று அச்சாகியது. அது ஒரு முகமூடி. உண்மையான பெயர் எரிக் ஓசர். அந்தப் பெயரில் வரைய அவருக்கு அனுமதி இல்லை.

1903இல் சாக்ஸனி மாநிலக் கிராமம் ஒன்றில் பிறந்து பிளாவன் நகரில் வளர்ந்தவர் ஓசர். இரும்பு வேலை பழகிய பிறகு லைப்சிக்கில் ஓவியம் படித்தார். பத்திரிகையாளர் எரிக் க்னாவ்ஃப், எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். 1927இல் கேஸ்ட்னரின் குறும்புக் கவிதை ஒன்றுக்கு ஓசர் படம் போட, ஆசார சீலர்கள் கொதித்தார்கள். கேஸ்ட்னரின் வேலை போயிற்று. நண்பர்கள் பெர்லினுக்கு இடம்பெயர்ந்தார்கள்.

அங்கே சோஷலிஸ்ட் நாளேடான 'ஃபோர்வேர்ட்ஸ்', ஓசரின் தூரிகைக்குத் தீனி போட்டது. ஹிட்லரும் கோயபல்ஸும் அதில் படாதபாடு பட்டார்கள். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கணக்குத் தீர்த்தார்கள். தொழில் செய்யத் தடை. பிறகு, அரசியல் கூடாது, சொந்தப் பெயரும் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தொடருக்கு இசைவு கிடைத்தது.

மூன்று ஆண்டுகள் வெற்றி நடை போட்ட தொடரை 1937 டிசம்பரில் ஓசரே முடித்துக்கொண்டார். ஆனால் 1940 முதல், கோயபல்ஸ் தலையங்கம் எழுதிய 'டாஸ் ரைஹ்' வார இதழில் நேச நாட்டுத் தலைவர்களைக் கிண்டலடித்து வரைந்தார். அவர் வாழ்க்கையின் சங்கடமான அத்தியாயம் இது. பகலில் அரசுக்குப் படம். மாலையில் அதே அரசைப் பற்றி நண்பர்களிடம் ஜோக்.

1943இல் குண்டுவீச்சில் வீட்டை இழந்த ஓசரும் க்னாவ்ஃபும் பெர்லின் புறநகரான கவுல்ஸ்டார்ஃபில் ஒரே வீட்டில் தங்கினார்கள். ஓசருக்குக் காது மந்தம். அதனால் பேச்சு எப்போதும் உரக்கவே நடந்தது. அதே வீட்டில் குடியிருந்த ராணுவ அதிகாரி ஒருவர், இவர்கள் அடித்த ஜோக்குகளை ஒன்றுவிடாமல் குறித்து வைத்துப் போட்டுக் கொடுத்தார்.

1944 மார்ச் 28இல் இருவரும் கைதானார்கள். மரண தண்டனைக்குப் பேர்போன நீதிபதி ஃப்ரைஸ்லர் முன் விசாரணை ஏப்ரல் 6இல் நடக்கவிருந்தது. அதற்கு முந்தைய இரவு ஓசர் சிறை அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். நண்பனைக் காப்பாற்ற, பழியெல்லாம் தன்னுடையதே என்று எழுதி வைத்திருந்தார். பலிக்கவில்லை. மே 2இல் க்னாவ்ஃபின் தலை துண்டிக்கப்பட்டது. தண்டனைக்கான செலவுக் கணக்கு அவரது மனைவிக்கு அனுப்பப்பட்டது.

ஓசரின் மகன் கிறிஸ்டியானுக்கு அப்போது வயது 12.

நாஜி ஆட்சி 1945இல் மண்ணோடு மண்ணாயிற்று. 'அப்பாவும் மகனும்' ஜெர்மனியைத் தாண்டி, சீனாவில்கூடக் குழந்தைகளின் செல்லப் புத்தகமாகிவிட்டது. பிளாவன் நகரம் 1995 முதல் ஓவியர்களுக்கு அவர் பெயரில் விருது வழங்கி வருகிறது. முகமூடியாகப் போட்ட பெயர்தான் விருதுக்கும் நிலைத்திருக்கிறது.