ஆயிரம் படியும் ஒரு படி சாமையும்

"இனி எழுபது வளைவு! பலகாரம் சாப்பிட்டவர்கள் ஜாக்கிரதை!" என்று வழிகாட்டி அறிவித்ததுதான் தாமதம், பஸ்ஸில் இருந்த பெண்மணிகள் அத்தனை பேரும் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டு போனார்கள்.

விடியற்காலையில் ராசிபுரத்தில் புறப்பட்டு, பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்திருந்தோம். கொல்லிமலைப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு. குழந்தைகள் உரக்க எண்ணினார்கள். முப்பது தாண்டியதும், தலை சுற்றுகிறது என்று கண்ணை மூடியிருந்தவர்கள்கூட எண்ணுவதில் சேர்ந்துகொண்டார்கள். எழுபது முடிந்தபோது குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் அல்லவா?

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூறு பேசும் வீரன். ஆடி மாதத்தில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள்.

அடுத்து அறப்பளீசுவரர் கோயில். குழம்பில் கொதித்த மீன் உயிர் பெற்று ஆற்றுக்குத் துள்ளி ஓடிய தல வரலாற்றை வழிகாட்டி சொன்னார். "அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணினாங்க?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பாவம், அவருக்குப் பதில் தெரியவில்லை!

கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டும் காட்சி கண்ணைப் பறிக்கும். ஆனால் இறங்கியவர் ஏறியாக வேண்டுமே! முழங்கால் வலி உள்ளவர்களும் இருதயக் கோளாறு உள்ளவர்களும் கோயிலோடு நின்றுகொள்வது உத்தமம். எங்களோடு வந்த பாட்டியம்மாள் ஒருவர் அப்படித்தான் நின்றுகொண்டார்.

அவர் மலைக்கு வந்த காரியம் வேறு என்பது திரும்பும் வழியில் சோளக்காட்டில் தெரிந்தது. அன்னாசி, பலா, வாழை, மிளகு என்று எல்லோரும் பேரம் பேச, பாட்டியம்மாள் மட்டும் கடை கடையாக, "சாமை இருக்குதா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

"முன்னே மாதிரி இல்லீங்க, ஆத்தா. இப்போ எல்லாரும் குச்சிக்கிழங்குதான் போடறாங்க" என்றாள் ஒரு கடைக்காரப் பெண்.

அவள் சொன்னது உண்மை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டுவிட்டது. கிழங்கு கீழே ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. 1981-ல் சேலத்தில் ஜவ்வரிசிக்கென்றே கூட்டுறவுச் சங்கம் ஏற்படும் அளவுக்கு அந்தத் தொழில் இங்கே பெரியது. கிழங்குக்குக் கையில் காசு கிடைக்கிறது. சாமையையோ உமி போக உரலில் இட்டுக் குத்த வேண்டும். அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. அவர்களை யார் குறை சொல்ல முடியும்?

இதைக் கண்டுதான் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டு வந்திருக்கிறார்கள். ஊர்களில் சிறு அரவை இயந்திரங்கள் வைத்ததால் உலக்கைப் பாடு குறைந்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் சாமையையும் தினையையும் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கினார்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆனால் விழா ஓர் ஆண்டோடு முடியும். அடுப்பு அன்றாடம் எரிவதல்லவா?

கடைசியில் ஒரு மூலைக் கடையில் பாட்டியம்மாளுக்கு ஒரு படி சாமை கிடைத்தது. எழுபது வளைவும் இறங்கும்வரை அந்தப் பை மடியைவிட்டு அகலவில்லை. "பாசிப்பருப்புப் போட்டுக் குழைய வேகவைத்து, மிளகு சீரகம் தாளித்து, நம்ம ஊர் நெய்யை ஊத்தினா, அரிசிப் பொங்கல் தோத்துப் போகும்!" என்று பக்கத்து ஆசனத்துப் பெண்ணுக்குப் பாடம் வேறு நடந்தது.

கொல்லிமலைக்குப் போகும் சகோதரிகளே! அருவியைப் பாருங்கள், மிளகு வாங்குங்கள். கூடவே, "சாமை இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவர் இருந்தால்தானே விதைக்கிறவர் விதைப்பார்?