உரிமம் கிடைத்துவிட்டது, பயிற்சி?

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதன் பிறகு, பெண்களின் தற்காப்புக்கென்று கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014-இல் ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. .32 அளவுத் தோட்டா, ஏறக்குறைய அரைக் கிலோ எடை, கைப்பைக்குள் அடங்கும் உருவம்; அறிமுகமானபோது விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். இதை வாங்கியதுமே பாதுகாப்பும் வந்துவிட்டதாக நம்புவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. உரிமம் துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே அனுமதி தருகிறது. அதைக் கையாளும் திறமையும், எப்போது சுடக்கூடாது என்ற தெளிவும் பயிற்சியால் மட்டுமே வரும்.

சிறிய ரிவால்வரைச் சுடுவது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய துப்பாக்கியைவிட இதில் குறி தவறுவதே எளிது. குழல் குட்டை என்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு. கை இம்மியளவு கோணினாலும் தோட்டா வெகுவாக விலகிப்போகும். எடை குறைந்தால் பின்னுதைப்பு கூடும். சுத்தியலை முன்கூட்டி இழுத்து வைக்காமல் சுடும்போது விசையை நெடுந்தூரம் பலமாக இழுக்க வேண்டும். பதற்றத்தில் விரலோடு மணிக்கட்டும் சேர்ந்து இழுபடும். குறி தவறிய தோட்டா பக்கத்து வீட்டுச் சன்னலைத் தேடிப் போகலாம். அதனால் பழகும் இடம் அனுமதி பெற்ற சுடுதளமாகவும், உடன் இருப்பவர் தேர்ந்த பயிற்றுநராகவும் இருக்க வேண்டும். தோப்பிலும் மொட்டை மாடியிலும் சுட்டுப் பழகுவது குற்றமாகவே முடியலாம்: பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அசட்டையாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம்.

“துப்பாக்கியைக் காட்டினாலே ஓடிவிடுவான், பயிற்சி எதற்கு?” என்பார்கள். ஓடாவிட்டால், தடுமாறும் கையிலிருக்கும் ஆயுதம் எதிரியின் கைக்கே போய்விடும். “உயிர் போகிற நேரத்தில் சட்டப் புத்தகத்தைப் புரட்ட முடியுமா?” என்று கேட்பதில் நியாயம் உண்டு. அந்த நொடியில் அடியை அளந்து அடிக்க வேண்டும் என்று நீதிமன்றங்களும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால், எல்லை இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவு உயிர்ச்சேதம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு போன்ற ஆபத்துகளில் எதிரியின் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காத்துக்கொள்ள உரிமை தருகிறது. 37-ஆம் பிரிவோ, காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்றும், தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. தப்பியோடுபவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதிடுவது கடினம். அதை நிரூபிக்கும் பொறுப்பும் சுட்டவருடையது.

இதுவரை சொன்னது உரிமம் பெற்றவர்களுக்கு. உரிமம் மறுக்கப்பட்டால் ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி காரணத்தைக் கேட்கலாம். பொதுநலன் கருதி அதை மறைக்க அதிகாரிக்கு விலக்கு உண்டு. 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் செய்யலாம். உரிமம் உள்ளவர்கள் ரிவால்வரைப் பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். தொலைந்தால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பழக நேரம் ஒதுக்க முடியாதவர்கள் துப்பாக்கிக்குப் பணத்தைச் செலவிடாமல் இருப்பதே நல்லது.