ரேம் இருக்கு, சர்வர் ஏன் படுத்துக்குது?

சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் முடியுற கடைசி ராத்திரி. வில்லியனூர்ல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து நானும் நண்பனும் சைட்டை ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருந்தோம். கொஞ்ச நேரம் ஓடும், திரும்பப் படுத்துக்கும். பாகூர் ஜூனியர் ஒருத்தன் போன்லயே பேர்களைச் சொல்லி, "நோட்டுல எழுதிக்கோங்கண்ணா"ன்னான். 2 ஜிபி விபிஎஸ். ஃப்ரீ கமாண்ட் அடிச்சா பாதிக்கு மேல ரேம் காலி. பெரிய பிளானுக்கு மாறிடலாமான்னு காசு எண்ண ஆரம்பிச்சோம். நல்லவேளை, மாறலை.

பாகூர் ஏரி நிரம்பி வழிந்தாலும் மதகு திறந்திருக்கும் அளவுக்குத்தான் வயலுக்குத் தண்ணி. லினக்ஸிலும் அப்படித்தான். எங்க லாக்கில் இருந்த வரி 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'. கோப்பு மட்டுமில்லை, ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்பும் இந்தக் கணக்கில் வரும். ஒரு ப்ராசஸுக்கு வழக்கமான சாஃப்ட் லிமிட் 1024.

உடனே டெர்மினலில் யுலிமிட் அடிச்சு எண்ணைக் கூட்டத் தோணும். நாங்களும் அதைத்தான் செஞ்சோம், பலனில்லை. அது அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து பிறக்கும் ப்ராசஸுக்கும் மட்டும்தான். லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பு லாகின் பண்றவங்களுக்கு. சிஸ்டம்டி ஓட்டுற சர்வீஸுக்கு, அதன் யூனிட் கோப்பில் லிமிட்நோஃபைல் என்ற வரியைத்தான் மாத்தணும். மாறிடுச்சான்னு பார்க்க, ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் இருக்கும் லிமிட்ஸ் கோப்பைத் திறங்க. ஓடிக்கிட்டிருக்கும் ப்ராசஸின் உண்மையான எல்லை அங்கேதான் இருக்கு.

ஆனா கூட்டுறதுக்கு முன்னாடி, பக்கத்திலேயே எஃப்டி என்று ஒரு டைரக்டரி இருக்கும். அதில் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. எங்களுக்கு ஆயிரத்தைத் தொட்டிருந்தது. பெரும்பாலும் ஒரே லாக் கோப்பு! ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் எங்க பைத்தான் கோட் புதுசா ஒரு லாக் ஹேண்ட்லரைச் சேர்த்துக்கிட்டே போயிருக்கு. லாக்கில் ஒரே வரி நூறு தடவை வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். (எழுதினது நான்தான்.) லிமிட்டை 65536 ஆக்கியிருந்தா, இதே சைட் சிம்போசியம் அன்னிக்குப் படுத்திருக்கும்.

லாக்கில் எதுவுமே இல்லாம ப்ராசஸ் காணாமப் போனா அது வேற கதை. எக்ஸிட் கோடு 137 என்றால் 128 கூட்டல் 9. ஒன்பதாம் சிக்னல், அதாவது கில். பெரும்பாலும் ஓஓஎம் கில்லர் வேலை, கர்னல் லாக்கில் தடயம் இருக்கும். டாக்கர் கண்டெய்னருக்குள்ள ஃப்ரீ காட்டும் எண்ணை நம்பாதீங்க, அது ஹோஸ்ட்டோட ரேம். உங்க பங்கு சிகுரூப்பின் மெமரி.மேக்ஸ் கோப்பில் இருக்கு. கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கி, 2008இல் 2.6.24 கர்னலோடு லினக்ஸுக்குள் வந்த ஏற்பாடு இது.

அன்னிக்கு ராத்திரி 2 மணிக்கு அந்த ஒரு வரியை ஹேண்ட்லருக்கு வெளியே தூக்கி வெச்சோம். சைட் நின்னுது. நோட்டுல இருந்த பேர்களை மறுநாள் அந்த பாகூர் ஜூனியரே டைப் பண்ணிக் கொடுத்தான்.