கண்ணுக்குச் சுத்தமான கை

வுழூ எடுத்தவர் அது முறியும் வரை அடுத்த தொழுகையையும் தொழலாம். வைத்தியசாலையில் கை கழுவுதல் அப்படியல்ல. ஒரு நோயாளியைத் தொட்டதோடு அது முடிந்துவிடுகிறது. அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் திரும்பவும் வேண்டும். "இப்பதானே கழுவினேன்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தமிழ் படிப்பிக்கும் நான் இதை எழுதக் காரணம், என் வகுப்பிலிருந்தும் தாதியராகப் போகும் பிள்ளைகள் இருப்பதுதான்.

இந்தப் பாடம் படிக்கப்பட்ட இடம் வியன்னா. 1840களில் அந்நகரப் பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றதில் மருத்துவமாதுக்களும் பிரசவம் பார்த்தார்கள். வைத்தியர்களின் பிரிவிலேதான் பிரசவக் காய்ச்சலால் அதிகம் தாய்மார் இறந்தார்கள். அங்கு பணியாற்றிய இக்னாஸ் செமல்வைஸ் காரணம் தேடினார். பிரேத பரிசோதனையின்போது கத்தி பட்டு இறந்த நண்பரின் உடலில் அதே நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்று அவர் முடிவுசெய்தார். 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் கை கழுவும் விதியைக் கொண்டுவந்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்வரை இறந்த பிரிவில், ஜூனில் இரண்டு பேரளவே இறந்தார்கள்.

ஆனாலும் பெரிய வைத்தியர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தம் கையே கொன்றது என்று ஒப்புக்கொள்வது லேசான காரியமா?

இன்று உலக சுகாதார நிறுவனம் கைச்சுத்தத்துக்கு ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுமுன், ஊசி, காயம்கட்டல் போன்ற வேலைகளுக்கு முன், இரத்தம் முதலானவை பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய கட்டிலையோ பொருள்களையோ தொட்டபின். இவற்றில் "தொட்டபின்" கழுவுவோரைவிட "தொடுமுன்" கழுவுவோர் குறைவு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பின்னால் கழுவும்போது நம்மையும் காக்கிறோம். முன்னால் கழுவுவது முதலில் நோயாளிக்காகத்தான். கண்ணுக்குச் சுத்தமாயிருக்கும் கையைக் கழுவ மனம் சோம்பல்படுகிறது.

கையுறையும் இதற்கு மாற்றல்ல. ஒரே கையுறையோடு கட்டில் கட்டிலாகப் போனால் கிருமியும் கூடவே போகும். கழற்றிய பின்னும் கை கழுவவேண்டும். அற்ககோல் திரவமென்றால் 20 முதல் 30 செக்கன், சவர்க்காரமும் நீருமென்றால் 40 முதல் 60 செக்கன். கையில் அழுக்குத் தெரிந்தால் சவர்க்காரமே வேண்டும். அற்ககோல் என்றதும் நம்மவர் சிலர் தயங்குவதுண்டு. இது குடிக்கும் பொருளல்ல, மருந்து. முஸ்லிம் நாடுகளின் வைத்தியசாலைகளிலும் பாவனையில் இருக்கிறது.

"கை கழுவினீங்களா டொக்டர்?" என்று நோயாளி கேட்பது கஷ்டம். புதிதாக வந்த தாதி கேட்பதும் அப்படித்தான். அதைத் தயங்காமல் கேட்கவும் கோபிக்காமல் கேட்டுக்கொள்ளவும் இடமுள்ள வாட்டுதான் பாதுகாப்பானது. நோய் விசாரிக்கப் போகும் நாமும் அந்தக் கேள்விக்கு உட்பட்டவர்களே.