இரு நதிகளுக்கு நடுவே ஒரு வரலாற்றுப் பாடம்

நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம், "மெசபடோமியா என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "இரு நதிகளுக்கு இடைப்பட்ட நிலம்" என்று பட்டென்று பதில் வரும். "அப்படி ஒரு நிலத்தை நீ பார்த்திருக்கிறாயா?" என்று அடுத்துக் கேட்டால், ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகூட இல்லை என்று தலையசைக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளை அது!

பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. வரலாறு என்பது எங்கோ தூரத்தில், யாருக்கோ நடந்தது என்றுதான் நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பிலும் இதே நிலைதான். ஆபிரகாம் புறப்பட்ட ஊர் என்ற நகரம் இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், யூப்ரத்தீசு ஆற்றின் அருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட உண்மையான நகரம். அதை வரைபடத்தில் காட்டாமலே கதையை முடித்துவிடுகிறோம். பிறகு, பிள்ளை விவிலியத்தையும் கற்பனைக் கதையாக எண்ணினால் வியப்பென்ன?

நமது ஆற்றிலிருந்தே தொடங்கலாமே! முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய இடம் அது. பிரிந்த ஆறுகள் கல்லணை அருகே மீண்டும் நெருங்கி வருகின்றன. நடுவே இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். ஆறு கொண்டுவரும் வண்டல், வயல், வாய்க்கால், வெள்ள பயம் ஆகியவற்றை இங்கே கண்ட பிள்ளைக்கு, சுமேரியர் ஏன் கால்வாய் வெட்டினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஆடிப்பெருக்கு. குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் ஆடியில் காவிரியைப் பெருகச் செய்கிறது. ஏறக்குறைய அதே மாதங்களில் எத்தியோப்பிய மலைநாட்டில் பெய்யும் மழை நைல் நதியைப் பெருகச் செய்தது. எகிப்தின் உழவு அந்த வெள்ளத்தை நம்பியே இருந்தது. வெள்ளம் பொய்த்தால் பஞ்சம். யோசேப்பு ஏன் களஞ்சியங்களை நிரப்பினார் என்பது இப்போது பிள்ளைக்குத் தானாகவே விளங்கும்.

அதே தென்மேற்குக் காற்றுதான், எகிப்திலிருந்து புறப்பட்ட வணிகக் கப்பல்களையும் நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. அது நமது உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை உறையூரில் நடத்திய அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. சாயத்தொட்டி எனக் கருதப்படும் செங்கல் கட்டுமானமும் வெளிப்பட்டது. உறையூர்ச் சேலை நம் பாட்டிமாருக்கும் பழக்கமான பெயர்தானே?

ஒன்றில் நாம் கவனமாக இருக்க வேண்டும். உறையூர் மண்மாரியால் அழிந்தது என்று மரபுக் கதை உண்டு. அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் "இது மக்கள் சொல்லும் கதை, இது மண்ணுக்கடியில் கிடைத்த பானை ஓடு" என்று பிரித்துக் காட்டுவது நம் கடமை. கதையைக் கேலி செய்யாமலும், அதையே சான்றாக எண்ணிவிடாமலும் இருக்கப் பழகிய பிள்ளை, நாளை எவர் எந்தச் செய்தியைச் சொன்னாலும் "இது எப்படித் தெரியும்?" என்று பணிவோடு கேட்கும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு விடுமுறை நாள் மாலையில் பிள்ளைகளை முக்கொம்புக்கு அழைத்துச் செல்வோம். இன்னொரு நாள் மலைக்கோட்டை அருகே இராணி மங்கம்மாள் மகாலில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்வோம். கையில் ஓர் உலக வரைபடம் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எந்தச் சமயத்தவராயினும் அவர்களையும் கூட்டிக்கொள்வோம். இந்த ஆறும் இந்த வரலாறும் அவர்களுக்கும் நமக்கும் பொதுவானவை அல்லவா?