சுகமில்லாத பெற்றோரும் கேட்கப்படாத பிள்ளைகளும்

தாய்க்கோ தந்தைக்கோ மனநோய் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதன் பாரத்தைச் சேர்ந்தே சுமக்கிறார்கள். கிளினிக்கில் ஊசியும் மாத்திரையும் பெரியவருக்குக் கிடைத்துவிடும். அவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று விசாரிப்பதை மருத்துவம் நெடுங்காலம் தன் வேலையாக நினைக்கவில்லை. பிரித்தானிய மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றி 1966இல் தனி நூல் எழுதினார். ஆய்வாளர்களின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்திரேலிய மதிப்பீடு ஒன்றின்படி ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு மேல் இத்தகைய வீட்டில் வளர்கிறார்கள். கணக்கு இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், மனச்சோர்வும் பதற்ற நோயும் இதில் அடங்குவதுதான்.

‘பரம்பரை வியாதி’ என்ற பேச்சுதான் இப்பிள்ளைகளை முதலில் வந்து தாக்குகிறது. அதில் உண்மை எவ்வளவு? பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு அதே நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்தளவு. பொதுவாக அது நூற்றுக்கு ஒன்று. கடும் மனநோய் எதுவாயினும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு, பெற்றோருக்குக் கடும் மனநோய் உள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு வளர்ந்த பருவத்துக்குள் ஏதோ ஒரு கடும் மனநோய் வரக்கூடும் என்றது. மற்ற இரண்டு பங்கினருக்கு வருவதில்லை. கலியாணப் பேச்சுகளில் இந்தப் பக்கம் யார் காதிலும் விழுவதில்லை. மரபணுவை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் வீட்டுச் சண்டை, வறுமை, இன்றைக்கு அணைத்து நாளைக்கு அடிக்கும் நிலையற்ற பராமரிப்பு, ஊராரின் ஏளனம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இவற்றில் கைவைக்க முடியும்.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலையை அடுத்த வட்டகொடை போன்ற தேயிலைத் தோட்டங்களில் இந்தப் பிரச்சினைக்குத் தனி முகம் உண்டு. லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஒரு காம்பராவில் எழும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அம்மா இரவு முழுக்கத் தனியே பேசிக்கொண்டிருந்தது விடியும்போது லயத்துக்கே தெரிந்திருக்கும். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு அவள் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. மூத்த பெண்பிள்ளை எழுந்து ரொட்டி சுட்டு, தம்பியைத் தோட்டத்துப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் பிந்திப் போகிறாள். மாலையில் தண்ணீரும் விறகும் அவள் பொறுப்பு. ‘பொறுப்பான புள்ள’ என்று லயமே மெச்சுகிறது. அந்த மெச்சலே அவளுக்கு வினையாகிறது. சண்டைபோட்டுக் கொண்டு திரியும் பையன் டீச்சர் கண்ணில் படுவான். வாய் திறக்காமல் வீட்டைச் சுமக்கும் பெண்ணை யாரும் விசாரிப்பதில்லை.

வயதுக்கேற்பப் பாதிப்பும் மாறும். கைக்குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தே உலகத்தை அறிகிறது. பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வில் அந்த முகம் பதில் சொல்லாமல் போகிறது. இந்தச் சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட தாள் 1987இலேயே வந்துவிட்டது. குடும்ப நல உத்தியோகத்தர் சில நிமிடங்களில் கேட்டு முடிக்கக்கூடிய கேள்விகள்தான் அவை. ஐந்தாறு வயதுப் பிள்ளை நடப்பதெல்லாம் தன்னால்தான் என்று நம்பும். தான் குழப்படி செய்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று அது தனக்குள் முடிவுகட்டிவிடும். ‘புள்ள பொறந்த நேரம் சரியில்ல’ என்று பெரியவர்கள் அதன் காதுபடவே சொல்லும்போது அந்த நம்பிக்கைக்கு முத்திரை விழுகிறது. பதின்வயதில் வெட்கமும் பயமும் சேர்கின்றன. கூட்டாளிகளை வீட்டுக்கு அழைப்பது நிற்கும். தனக்கும் வருமோ என்ற கேள்வி யாரிடமும் கேட்கப்படாமல் உள்ளேயே கிடக்கும்.

தோட்டத்தில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் முதலில் கூப்பிடுவது கோடாங்கியை. குறி கேட்பதும் கயிறு கட்டுவதும் குடும்பத்துக்கு ஆறுதல் தரலாம்; அதைப் பழித்து மருத்துவம் எதையும் சாதிக்கப்போவதில்லை. அதற்காக மாத்திரை நிறுத்தப்படும்போதும், பேயோட்டுகிறேன் என்று பிள்ளையின் கண்முன்னே தாய் அடிபடும்போதும்தான் கேடு வருகிறது. அந்த அடியைப் பிள்ளை மறப்பதில்லை.

குடி வேறு கதை. தகப்பன் சாராயமோ கசிப்போ குடித்துவிட்டு வந்து உலையைக் கவிழ்ப்பதை லயம் நோயாகவே எண்ணுவதில்லை; ‘சம்பள நாள், அப்படித்தான்’ என்று கடந்துவிடுகிறது. தாயின் மனச்சிதைவுக்கு வைத்தியம் தேடும் குடும்பமும் தகப்பனின் குடிக்குத் தேடுவதில்லை. பிள்ளையின் கண்ணில் இரண்டும் ஒன்றே: இன்று மாலை வீடு எப்படி இருக்கும் என்று தெரியாது. தாய் வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் போய்விட்ட வீடுகளில் இந்த நிச்சயமின்மையைப் பிள்ளைகள் தனியாகவே எதிர்கொள்கிறார்கள்.

அப்படியானால் பிள்ளைக்கு என்ன தேவை? முதலில் விளக்கம். பெரியவர்கள் மூடி மறைத்தால் பிள்ளை கற்பனை செய்துகொள்ளும். கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியது. விளக்கம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ‘அம்மாவுக்குச் சொகமில்ல. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வியாதி. நீ செஞ்சதால வரல. உன்னால சரியாக்கவும் முடியாது, அது டொக்டர் வேலை. நீ பள்ளிக்கூடம் போ, வெளையாடு.’ ஆறு வயதுக்கு இவ்வளவு போதும். பதினான்கு வயதுக்கு நோயின் பெயரும் மாத்திரை ஏன் நிறுத்தக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். இதை நோயுள்ள தாயோ தகப்பனோ தெளிவான நாளொன்றில் தாமே சொன்னால் நல்லது. முடியாவிட்டால் பிள்ளை நம்பும் ஒருவர் சொல்லலாம்.

அடுத்தது, நிலையாக நிற்கும் ஒரு பெரியவர். கஷ்டமான வீட்டிலிருந்தும் தேறி வந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான்: அன்பு மாறாத ஒருவராவது பக்கத்தில் இருந்திருக்கிறார். தோட்டத்தில் அது பெரும்பாலும் அம்மாயியோ அப்பாயியோ, சில வேளை பக்கத்துக் காம்பரா அத்தையோ. நேரத்துக்குச் சாப்பாடு, பாடசாலை, விளையாட்டு என்ற ஒழுங்கு குலையாமல் பார்த்துக்கொள்ள அவருக்குக் கைகொடுக்க வேண்டும்.

பின்லாந்தில் மருத்துவர் டுட்டி சொலன்டவுஸ் வகுத்த ‘பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்’ முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நோயுள்ள பெற்றோரிடம் சிகிச்சையாளர் பிள்ளையின் நாளாந்த வாழ்க்கையைப் பற்றி ஓரிரு முறை உட்கார்ந்து பேசுகிறார். எது நன்றாக இருக்கிறது, எங்கே சிக்கல், யார் உதவலாம் என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். நோர்வேயில் நோயாளியின் பிள்ளைகளைக் கவனிப்பது 2010 முதல் வைத்தியசாலைகளின் சட்டக் கடமை. இத்தகைய உதவிகளை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டுத் தொகுப்பு, அவை கிடைத்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் அதே நோய் புதிதாக வரும் ஆபத்து 40 வீதம் குறைந்ததாகக் கண்டது. மனநலத் துறையில் இவ்வளவு சிறிய செலவுக்கு இவ்வளவு பலன் அபூர்வம்.

இலங்கை 2005இல் ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை, அங்கொடை மனநல வைத்தியசாலையை மையமாகக் கொண்ட சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பரவலாக்க முனைந்தது. மலையகத்தில் கிளினிக் வந்தாலும் மொழி வரவில்லை. வைத்தியர் சிங்களம் மட்டும் பேசினால், பாடசாலையில் சிங்களம் கற்ற பிள்ளையே தாய்க்கும் அவருக்கும் நடுவே நின்று, அம்மாவின் காதில் கேட்கும் குரல்கள் என்ன சொல்கின்றன என்று மொழிபெயர்க்க நேர்கிறது. எந்தப் பிள்ளையிடமும் கேட்கக் கூடாத வேலை அது.

தோட்டத்தில் ஆள் இல்லாமல் இல்லை. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வழியே இயங்கும் பிள்ளைக் காம்பராக்களில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறார்கள். சேமநல உத்தியோகத்தருக்கு லயம் முழுக்கத் தெரியும். பிந்தி வரும் பிள்ளையை டீச்சருக்குத் தெரியும். பிந்தியதற்குப் பிரம்பெடுக்கும் முன் காரணத்தைக் கேட்டாலே பாதி விஷயம் வெளிவரும்.

நோய் முற்றும் நாளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்: பிள்ளை எந்த வீட்டுக்குப் போவது, யாருக்குப் போன் அடிப்பது, மாத்திரை எங்கே இருக்கிறது. மரக்கறிக்கு அடிக்கும் பூச்சிமருந்து அத்தகைய வீட்டில் இருக்கவே கூடாது. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 தற்கொலைகள் நடந்தன. பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததற்குக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது முக்கியக் காரணம். அவசரத்துக்கு 1990 அம்பியூலன்ஸ், மனநல ஆலோசனைக்கு 1926, பிள்ளைக்கு ஆபத்தென்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து இல்லத்தில் சேர்ப்பது, வேறு எந்த வழியும் பாதுகாப்புத் தராதபோது மட்டுமே.

கிளினிக்கில் இருப்பவர்கள் நாளைக்கே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. நோயாளியின் புத்தகத்தில் மாத்திரையின் அளவை எழுதும்போது, வீட்டிலுள்ள பிள்ளைகளின் வயதையும் அவர்களை இப்போது பார்த்துக்கொள்பவரின் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.