படுக்கையறை இல்லாத வீட்டில் ஒரு விடுதி

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் படுக்கையறை கிடையாது. முன்வாசல் ஒரு தெருவில், கொல்லைவாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடு. முகப்பில் நின்றால் நிலைக்குப் பின் நிலையாகக் கடைசிக் கதவுவரை பார்வை தடையில்லாமல் ஓடும். ஆனால் கட்டில் போட்டு, கதவைச் சாத்திப் படுக்க என்று ஓர் அறை யாருக்கும் ஒதுக்கியதில்லை. செட்டிநாட்டில் பழைய வீட்டை விடுதியாக்க வருகிறவர்கள் முதலில் திகைத்து நிற்பது இங்கேதான்.

நான் தேவகோட்டையில் இப்படி ஒரு வீட்டில், அப்பத்தா கையில் வளர்ந்தவள். வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒரு பங்கு. ஒரு மகன் குடும்பம் என்றால் ஒரு புள்ளி. அறைக்குள் மருமகள் கொண்டுவந்த பித்தளை, பட்டு, மரப்பெட்டி எல்லாம் இருக்கும்; சாவி அவள் இடுப்பில் இருக்கும். புதுமணத் தம்பதிகளைத் தவிர மற்றவர்கள் அதில் படுத்து நான் பார்த்ததில்லை. ஆண்கள் முகப்புத் திண்ணையிலும் பட்டாலை என்ற கூடத்திலும் படுப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் வளவுப் பத்தியில் பாய் விரிப்போம். மகனை ‘வேறு வைத்த’ பிறகு கூரை ஒன்றாகவே இருக்கும், அடுப்பு மட்டும் தனி. பின்னால் இரண்டாங்கட்டில் மகனுக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் பல அடுப்பு எரிந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை.

ஆகவே இந்த வீடுகளின் பிரமாண்டம் தூங்குவதற்கு ஆனதல்ல. கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, முன்னோர்க்குப் படைப்பு என்று ஊரே வந்து உட்கார வேண்டும். அதற்குத்தான் முகப்பும் பட்டாலையும் போஜன ஹாலும். வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் பர்மாவிலோ மலேயாவிலோ சைகோனிலோ இருப்பார். வீடு அவருடைய பேரை இங்கே காத்து நிற்கும்.

பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1852 ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு அழித்து நெல் போட்ட விவசாயிகளுக்கு எங்கள் செட்டியார்களான நகரத்தார் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், ஈடு வைத்த நிலம் பெருமளவில் இவர்கள் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்களுடையது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணீரும் இந்தத் தேக்குத் தூண்களில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அழகை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. 1942இல் ஜப்பான் படை வந்தது. பலர் நடந்தே இந்தியா திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. வீடு கட்டும் காலம் அத்தோடு சரி.

கப்பலில் வந்த பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் எல்லோரும் புகழ்ந்தாயிற்று. எனக்கு ஆச்சரியம் சுவர்தான். சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, பூச்சுமேல் பூச்சாக ஏற்றுவார்கள். கடைசிப் பூச்சுக்கு மாவாக அரைத்த வெள்ளைச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேரும். அதை வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார் கொத்தனார். நூறு வருஷம் ஆன சுவரைக் கோடை மதியத்தில் தொட்டால், பானையைத் தொட்டதுபோலக் குளுமை.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். பழைய வீட்டைக் கெடுத்தது மழையைவிட, அவசரத்துக்கு வைத்த சிமென்ட் ஒட்டுதான்.

மழைக்கு இந்த வீடு பயப்படாது. நான்கு பக்க ஓட்டுச் சரிவும் வளவு வாசலை நோக்கி இறங்கும். விழுகிற தண்ணீரை அண்டாவில் பிடிப்போம். மிச்சம் தரையடி வாய்க்கால் வழியாக வெளியேறும்.

விடுதியாக மாறியவற்றில் கானாடுகாத்தானின் விசாலம், ஒரு தகப்பனார் தம் மூத்த மகளுக்காகக் கட்டியது. மகளுக்கென்று இவ்வளவு பெரிய வீடு கட்டுவது எங்கள் பக்கத்தில் அபூர்வம். காலத்தால் பிந்தியது, வளைந்த முனைகளும் நேர்க்கோடுகளுமாக ஆர்ட் டெகோ பாணி. அறைகள் விசாலமானவை. கொத்தமங்கலத்து சாரதா விலாஸ் 1910இல் எழுந்த பழைய முறை வீடு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் அதைச் சீர்செய்து விடுதியாக்கினார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதற்குப் பின்னாலும் அவர்கள் உழைப்பு உண்டு.

சாமி கும்பிட்ட வீட்டில் அந்நியர் காசு கொடுத்துப் படுப்பதா என்று எங்கள் ஆச்சிமார் சிலர் இன்னும் வருந்துகிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. எங்கள் தேவகோட்டை வீட்டுக்குப் பல புள்ளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. செலவுக்குப் பங்கு கேட்டால் பதில் வராது. ஓடு சரிந்தது, ஒழுகிற்று, கடைசியில் விற்றார்கள். தூணைத் தனியாக, நிலையைத் தனியாக, உத்திரத்தைத் தனியாக. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அப்படிக் கழன்று வந்த எத்தனையோ வீடுகளின் சாமான்களை இன்றும் விலைக்கு வாங்கலாம். விடுதியான வீட்டில் தூண் தன் இடத்தில் நிற்கிறது. கூரை மாற்றத் தெரிந்த தச்சருக்கும், சுண்ணாம்பு தேய்க்கத் தெரிந்த கொத்தனாருக்கும், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணம் ஊற்றித் தரைக்கல் வார்க்கும் ஆத்தங்குடிக்காரருக்கும் அதனால் வேலை இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். குளியலறை வேண்டும்தான், ஆனால் அதைக் கொல்லைப்பக்கக் கட்டுகளில், புதுச்சுவர் எழுப்பிக் கட்டட்டும். வளவுச் சுவரைக் குடைந்து குழாய் பதித்தால் ஒரு கசிவு போதும், சுவரில் ஈரம் ஏறிவிடும். தங்கப் போகிறவர்கள் அறை வாடகையோடு இதையும் விசாரியுங்கள்: குழாய் எங்கே ஓடுகிறது, சுவருக்கு எதைப் பூசினீர்கள்? ஐப்பசியில் போகிறவர்கள், மழை பிடித்ததும் அறைக்குள் போய்விடாமல் வளவுக்கு வந்து உட்காருங்கள்.